பெத்தாவின் கல்வெட்டில் பெத்தா எங்கே?

கேள்வி: பெத்தா (அம்மாவின் தாய்) 87 வயதில் காலமானார். 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு (நினைவுப் புத்தகம்) அடிக்க வேண்டும். கோயிலும் விரதமுமாகவே இருந்த மனுசி. ஆனால் எழுத உட்கார்ந்தால் 'இறைபக்தி மிக்கவர்' என்ற ஒரு வரியோடு எல்லாம் முடிந்துபோகிறது. எப்படி எழுதுவது?
– வாசகி, செட்டிபாளையம்

பதில்: முதலில் அந்த வரியை வெட்டுங்கள். அது எல்லாக் கல்வெட்டிலும் இருக்கிறது. பெத்தா அதில் இல்லை. அதற்குப் பதிலாக அவருடைய ஒரு வருடத்தை எழுதுங்கள். தைப்பொங்கலில் தொடங்கி மார்கழித் திருவெம்பாவை வரை எந்த மாதம் எந்தக் கோயில், என்ன நேர்த்தி, யாரைக் கூட்டிக்கொண்டு போனார், கையில் என்ன கொண்டு போனார் என்று மாதம் மாதமாகப் போங்கள். கண்ணகை அம்மன் வைகாசிச் சடங்கில் கதவு திறந்ததிலிருந்து குளிர்த்தி (அம்மனைக் குளிர்விக்கும் நிறைவுச் சடங்கு) வரை எத்தனை நாள் போவார்? வழக்குரை (கண்ணகி கதைப் பாடல்) படிக்கும்போது எங்கே இருப்பார்? ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கமா, திருக்கோவிலா? ஆவணியில் மண்டூரா? 'சடங்குக்கான அரிசியை மில்லில் கொடுக்காமல் உரலில் குற்றினார்' என்று ஒரு வரி கிடைத்தால் போதும், ஒரு பக்கப் புகழுரை தேவைப்படாது.

இதையெல்லாம் மகன்மாரிடம் கேட்டுப் பயனில்லை. அவர்களுக்கு வயலும் உத்தியோகமும்தான் நினைவிருக்கும். பெத்தாவின் தங்கச்சி, கோயிலுக்குக் கூடப்போன பக்கத்து வீட்டு மனுசி, அவரோடு ஒரே பாயில் படுத்த பேத்தி ஆகிய மூவரையும் தனித்தனியே கேளுங்கள். ஒன்றாக இருத்திக் கேட்டால் குரல் கூடியவர் சொன்னதே பதிவாகும். 'எந்த ஆண்டு?' என்று கேட்காதீர்கள். '1957 வெள்ளத்துக்கு முன்னமா பிறகா?', '78 சூறாவளிக்குள்ளேயா?', 'சுனாமிக்கு எத்தனை வருசம் முந்தி?' என்று கேட்டால் ஆண்டு தானாக வரும்.

பிறந்த திகதியில்தான் அதிகம் பிழை விடுகிறார்கள். பிறப்புப் பத்திரம் அழிந்திருந்தால் இலங்கையின் பழைய அடையாள அட்டை எண்ணைப் பாருங்கள். முதல் 2 இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த 3 இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 38615 என்று தொடங்கினால் 615இல் 500 போக 115ஆம் நாள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. ஆகவே 1938 ஏப்ரல் 24. 28 என்று எண்ணினால் 25 என்று வந்துவிடும். அட்டைக்கே மதிப்பிட்டுச் சொன்ன திகதியாகவும் இருக்கலாம். சாதகக் குறிப்பு இருந்தால் ஒத்துப்பாருங்கள். எண்ணைக் கல்வெட்டில் போடவே வேண்டாம். திருக்கோவில், அக்கரைப்பற்றுப் பக்கம் பிறந்தவர் என்றால் இன்னொன்று: அம்பாறை 1961இல்தான் தனி மாவட்டமானது. பழைய பத்திரத்தில் 'மட்டக்களப்பு' என்று இருப்பது பிழையல்ல, திருத்தாதீர்கள்.

வம்சப் பட்டியலை வெளியூர்க் கல்வெட்டைப் பார்த்துப் போட்டால் தந்தை வழி மட்டும் வரும். நமது மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதியில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியாக வருவது. பெத்தா, அவர் தாய், அவருக்குத் தாய் என்று மேலே ஏறுங்கள். குடிப்பெயரை அச்சிடுவதா என்பதைக் குடும்பத்துப் பெரியவர்களே தீர்மானிக்கட்டும்.

இறந்த திதியைச் சொல்லும் நான்கடிப் பாடலான திதி வெண்பாவில் ஆண்டு, மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), திதி, பெயர் வரவேண்டும். உயிர் பிரிந்த நேரம் இல்லாமல் திதி பார்க்க முடியாது; பகலிலேயே திதி மாறும். தமிழ் ஆண்டு சித்திரையில் மாறுவதால் 2025 பெப்ரவரியில் இறந்தவருக்கு ஆண்டு குரோதிதான். விசுவாவசு என்று போட்டால் பிழை. பழைய வெண்பாவில் பெயரை மட்டும் மாற்றி ஒட்டாதீர்கள், தளை தட்டும் (யாப்பு உடையும்). பிறகு திவசத்துக்கு நாள் பார்க்கும்போது பேரப்பிள்ளைகள் எடுத்துப் பார்ப்பது இந்த நான்கு அடியைத்தான்.

பஞ்சபுராணத்துக்கும் (ஓதும் ஐந்து பக்திப் பாடல்கள்) அவர் வாயில் இருந்த பாடல்களையே தேடி எடுங்கள். குளிர்த்திப் பாடல் சேர்க்க விரும்பினால் கட்டாடியாரிடம் (சடங்கு நடத்தும் பூசகர்) கேட்டுவிட்டுச் சேருங்கள். சடங்குக்கு வெளியே அதைப் பாடவே தயங்குபவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: கைப்பேசியில் தட்டச்சிட்டு அனுப்பிய கட்டுரை, அச்சகத்திலிருந்து வந்தபோது இடையிடையே 'இ' முளைத்திருக்கிறது. படமும் மங்கல். ஏன்?
– வாசகர், தம்பிலுவில்

பதில்: நீங்கள் எழுதியது யூனிகோட், அவர்கள் வேலை செய்வது பாமினி எழுத்துருவில். பாமினியில் காற்புள்ளியின் இடத்தில் 'இ' இருக்கிறது. சரியாக மாற்றாமல் ஒட்டினால் 'மகன், மகள்' என்பது 'மகன்இ மகள்' ஆகும். இடையே ஆங்கில எழுத்து இருந்தால் அதுவும் பொருளற்ற தமிழாகிவிடும். கணினித் திரையில் பார்த்துச் சரி சொல்லாமல் தாளில் எடுத்து வாசியுங்கள். பெயர்களை மட்டும் இன்னொருவர் தனியே வாசிக்கட்டும்.

படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கும், ஆவணமாக அனுப்புங்கள். ஏ5 முழுப்பக்கப் படத்துக்குக் குறைந்தது 1748க்கு 2480 புள்ளிகள் வேண்டும். பழைய படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யுங்கள். நடுவில் தைக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் 4இன் மடங்காக வேண்டும். 18 பக்கம் எழுதினால் 20 அடிக்க வேண்டிவரும். 2 பக்கத்தை நிரப்ப யாராவது இரங்கற்பா எழுதுவார்கள், கவனம்.

கேள்வி: அம்மம்மா உயிரோடு இருக்கிறார். இப்போதே பதிவு செய்யலாமா?
– வாசகி, கல்லாறு

பதில்: இன்றைக்கே. 'உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்' என்றால் 'என்னத்தைச் சொல்ற?' என்பார். 'கதிர்காமத்துக்கு நடந்து போன நேரம் உகந்தையில் என்ன சமைச்சீங்க? குமணக் காட்டுக்குள்ளே தண்ணிக்கு என்ன செய்தீங்க?' என்று கேளுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், கைப்பேசியை மடித்த துணியின் மேல் ஒரு முழத் தூரத்தில் வையுங்கள், அரை மணிக்கு மேல் நீட்டாதீர்கள். பாட்டு என்றால் இடையில் திருத்தாமல் முழுதும் பாடவிடுங்கள். மறந்த அடி இரண்டாம் தடவையில் வரும். தொடக்கத்திலேயே திகதி, ஊர், அவர் பெயர் மூன்றையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள்.