நாளுக்கொரு நாடு

கேள்வி: பிற நாட்டு நாவல்களைத் தமிழில் படிப்பதற்கென்று ஒரு மாதத்தை ஒதுக்கி, நாளுக்கொரு நாடு என்று பட்டியல் போட்டேன். பத்தாம் நாளே நின்றுபோனது. ரஷ்யப் பெயர்கள் குழப்புகின்றன. சில பக்கங்களை இரண்டு முறை படித்தும் பிடிபடவில்லை. ஆங்கிலத்திலேயே படித்துவிடலாமே என்கிறாள் மகள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் ஊரிலிருந்து ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஒரே நாளில் காட்டித் திரும்பும் பேருந்துகளைப் பார்த்திருப்பீர்கள். இரவில் வீடு திரும்பும் பயணிக்கு எந்தக் குளம் எந்தக் கோயிலைச் சேர்ந்தது என்பது கலங்கிப்போயிருக்கும். உங்கள் பட்டியலுக்கும் அதுவே நேர்ந்திருக்கிறது. முப்பது நாடுகளை விட்டுவிட்டு மாதத்துக்கு மூன்று அல்லது நான்கு நூல்கள் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றையும் நாட்டின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், மொழிபெயர்ப்பாளரின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

நம்மில் பலர் அட்டையில் ஆசிரியர் பெயரைப் படித்ததோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட நூல்களுக்கான சர்வதேச புக்கர் பரிசின் 50,000 பவுண்டு ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பிரித்துத் தரப்படுகிறது. 2025இல் கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கும் அவருடைய கதைகளை ஆங்கிலத்தில் தந்த தீபா பாஸ்தியும் அதை அப்படித்தான் பகிர்ந்துகொண்டார்கள். அந்த மரியாதையை வாசகராகிய நாமும் கொடுத்தால் நூல் தேர்வு எளிதாகிவிடும்.

கடையிலோ நூலகத்திலோ நூலின் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, உதடசைத்துப் படித்துப் பாருங்கள். ‘அவளால் கதவு திறக்கப்பட்டது’ என்பது போன்ற வாக்கியங்கள் வரிசையாக வந்தால், அவள் கதவைத் திறந்தாள் என்று சொல்லத் தெரியாத ஒருவரிடம் முந்நூறு பக்கம் மாட்டிக்கொள்ளப்போகிறீர்கள் என்று பொருள். இரண்டு முறை படித்தும் விளங்காத உங்கள் பக்கங்களில் பாதியாவது இந்த வகையைச் சேர்ந்தவையாக இருக்கும் என்பது என் ஊகம். மீதிப் பாதிக்கு மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்ல முடியாது. காஃப்காவின் ‘விசாரணை’யை ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மன் மொழியிலிருந்தே தமிழுக்குக் கொண்டுவந்தார். அதில் நாயகன் எந்தக் குற்றத்துக்காகக் கைதானான் என்பது கடைசிவரை சொல்லப்படுவதில்லை. காஃப்கா முடிக்காமல் விட்டுச்சென்று, அவர் இறந்த மறு ஆண்டான 1925இல் வெளிவந்த நாவல் அது. அங்கே திகைத்து நின்றால், ஜெர்மன் வாசகரும் நின்ற இடத்தில்தான் நீங்களும் நிற்கிறீர்கள்.

நேரடி மொழிபெயர்ப்புதான் உயர்ந்தது, ஆங்கிலம் வழியாக வந்தது தாழ்ந்தது என்ற பேச்சையும் முழுதாக நம்ப வேண்டாம். ஸ்வீடிஷ் எழுத்தாளர் பேர் லாகர்குவிஸ்டின் ‘பாரபாஸ்’ நாவலை க.நா. சுப்ரமண்யம் ஆங்கிலம் வழியாகத்தான் ‘அன்பு வழி’ என்று தமிழாக்கினார். அதன் எளிய, இறுகிய தமிழுக்கு ஈடாகச் சொல்லக்கூடிய நேரடி மொழிபெயர்ப்புகளை நான் அதிகம் கண்டதில்லை.

ரஷ்யப் பெயர்களுக்கு வருவோம். நாம் தந்தை பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னால் போட்டுக்கொள்கிறோம். அவர்கள் அதை விகுதி சேர்த்து நடுவில் முழுதாக வைக்கிறார்கள். தஸ்தயேவ்ஸ்கி எழுதி எம்.ஏ. சுசீலா தமிழில் தந்த ‘குற்றமும் தண்டனையும்’ நாவலின் நாயகன் ரோடியன் ரொமானோவிச் ரஸ்கோல்னிகோவ், அதாவது ரொமானின் மகன். தாய்க்கு அவன் ரோத்யா. அவன் தங்கை அவ்தோத்யா ரொமானோவ்னா, வீட்டாருக்கு அவள் துனியா. செல்லப் பெயர், மரியாதைப் பெயர், குடும்பப் பெயர் மூன்றும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்பது தெரிந்துவிட்டால், யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதிலேயே உறவின் நெருக்கமும் விலகலும் புலப்படத் தொடங்கும். முன்பக்கத்து வெற்றுத்தாளில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நூலகப் புத்தகமானால் தனிச் சீட்டில். எடுத்தவுடன் அந்தப் பெரிய நாவலில் இறங்கவும் வேண்டாம். அதே தஸ்தயேவ்ஸ்கி எழுதி ரா. கிருஷ்ணையா தமிழாக்கிய ‘வெண்ணிற இரவுகள்’ நான்கு இரவுகளும் ஒரு காலையுமாக முடிந்துவிடும் சிறு நூல். பாத்திரங்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

மகளின் யோசனையில் ஒரு சிறு பிழை இருக்கிறது. பிரெஞ்சிலோ ரஷ்யனிலோ எழுதப்பட்ட நாவலுக்கு ஆங்கில நூலும் மொழிபெயர்ப்புதானே தவிர மூலம் ஆகாது. ஆல்பெர் காம்யு 1942இல் வெளியிட்ட முதல் நாவலுக்கு ஆங்கிலத்தில் பெயர்கூட ஒன்றாக நிலைக்கவில்லை. 1946இல் ஒரே மொழிபெயர்ப்பு பிரிட்டனில் ‘தி அவுட்சைடர்’ என்றும் அமெரிக்காவில் ‘தி ஸ்ட்ரேஞ்சர்’ என்றும் வெளிவந்தது. தமிழில் வெ. ஸ்ரீராம் அதைப் பிரெஞ்சிலிருந்து நேரடியாகவே ‘அந்நியன்’ என்று தந்திருக்கிறார். அந்த ஆங்கில நூல்களைவிட மூலத்துக்கு நீங்கள் தொலைவில் இல்லை.

ஆகவே இந்த மாதத்தை ‘வெண்ணிற இரவுக’ளில் தொடங்கி, அடுத்து ‘அந்நிய’னுக்குச் செல்லுங்கள். அதன் ஆங்கிலப் பிரதி ஒன்றை மகளிடம் கொடுத்து, இருவரும் முதல் அத்தியாயத்தை ஒரே மாலையில் படியுங்கள். தாயின் மரணச் செய்தியோடு தொடங்கும் அந்த முதற்பக்கத்தில் கதை சொல்லும் நாயகனின் குரல் அவளுக்கு எப்படிக் கேட்டது, உங்களுக்கு எப்படிக் கேட்டது என்று பேசிப் பாருங்கள். மூன்றாவது நூலின் பெயரை அதற்குப் பிறகு எழுதிக் கேளுங்கள், சொல்கிறேன்.