சப்ளை டீச்சர்: முதல் நாள் வகுப்பில்

கேள்வி: இங்கிலாந்தில் ஏஜென்சி மூலம் சப்ளை டீச்சராக, அதாவது வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பெடுப்பவராகப் போகிறேன். பள்ளி என்னிடம் என்ன எதிர்பார்க்கும்?

பதில்: மணி அடிக்க அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். வரவேற்பறையில் புகைப்பட அடையாள அட்டையும் டிபிஎஸ் (குற்றப் பின்னணிச் சோதனை) சான்றிதழும் கேட்பார்கள். குழந்தைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை வீட்டில் நடக்கும் கொடுமையைச் சொன்னால், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. உடனே அந்தப் பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும்.

வகுப்பில் முதல் வேலை வருகைப் பதிவு. பலரும் சறுக்குவது இங்கேதான். பிள்ளைகள் இடம் மாறி உட்கார்ந்து, ஒருவர் பெயருக்கு இன்னொருவர் குரல் கொடுப்பார்கள். இருக்கை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்த்துக் குறியுங்கள். ஆசிரியர் வைத்துவிட்டுப் போன பாடத்தையே நடத்துங்கள். கண்டிப்பதும் அந்தப் பள்ளியின் விதிப்படிதான். கிளம்புமுன், எந்தக் கேள்விவரை முடிந்தது, யார் எதில் தடுமாறினார் என்று அந்த ஆசிரியருக்கு நாலு வரி எழுதி வையுங்கள்.