கால்நடை கேள்வி–பதில்: மழைக்காலமும் பன்றிக்குட்டியும்

கேள்வி: வெண்பன்றிக் குட்டிகளை 24-ஆம் நாளிலேயே தாயிடமிருந்து பிரித்துவிட்டோம். மூன்று நாளில் கழிச்சல் கண்டுவிட்டது. ராத்திரியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுக்கின்றன. கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டியாயிற்று, தரையை மூன்று வேளையும் கழுவுகிறோம். வேறென்ன செய்ய?
– ஒரு வாசகி, பாகூர்

பதில்: முதலில் கழுவுவதைக் குறையுங்கள் அம்மா. ஐப்பசி மழையில் மூன்று வேளை நனைந்த சிமென்ட் தரை எப்போது காயும்? ஈரத் தரை குட்டியின் வயிற்றுச் சூட்டை இழுத்துக்கொள்ளும். சாணத்தை வாரிவிட்டு, வெயில் ஏறியதும் ஒருமுறை கழுவினால் போதும்.

அந்த வயதுக் குட்டிக்கு உடம்பில் கொழுப்பு சொற்பம். பால் நின்ற இரண்டு மூன்று நாள் தீவனத்தையும் சரியாகத் தொடாது. தின்னாத உடம்பில் சூடு எங்கிருந்து வரும்? படுக்கும் இடத்தில் 28 முதல் 30 டிகிரி இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு ஓரிரு டிகிரி குறைக்கலாம். மழை ராத்திரியில் 23 டிகிரி நமக்குச் சுகமான தூக்கம், அதுக்கு நடுக்கம். தெர்மாமீட்டரை உங்கள் தலை உயரத்தில் மாட்டாதீர்கள், குட்டியின் முதுகு உயரத்தில் பாருங்கள்.

அதற்காகக் கொட்டகையை முழுக்க மூடிவிட வேண்டாம். மூத்திர நெடி உள்ளேயே தங்கி இருமலைக் கொண்டுவரும். வாடைக்காற்று வரும் பக்கம் மூன்றடி உயரம் மறைத்தால் போதும். சாரல் அடிக்கும்போது மட்டும் மேல்பக்கத் தார்ப்பாயையும் இறக்குங்கள். மூலையில் சவுக்குக் கழி நட்டு, இரண்டரை அடி உயரத்தில் பலகை வேய்ந்து, முன்னால் கோணி தொங்கவிட்டு, உள்ளே காய்ந்த வைக்கோல் போடுங்கள். குட்டிகளின் சூடே அதற்குள் நிற்கும். மழை நாளில் கரண்ட்டை நம்ப முடியாதே! சூட்டுக்குப் பல்பு போடுவதென்றால் வேறு மூலையில், வலைக்கூண்டுக்குள், சங்கிலியில் தொங்கட்டும். வைக்கோலும் கோணியும் கிட்டே கூடாது.

குவிந்து படுத்தால் குளிர். சிதறிப் படுத்து மூச்சு வாங்கினால் புழுக்கம். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் படுத்தால் சரி.

கழிச்சலுக்குக் குளிர் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். தீவன மாற்றமும் கிருமியும் சேர்ந்திருக்கும். காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை இன்றே கூப்பிடுங்கள். அதுவரை தண்ணீர் தாராளமாகக் கிடைக்கட்டும்.

தாய் சீக்கிரம் சினைக்கு வரட்டும் என்றுதான் பிரித்திருப்பீர்கள். மழைக்காலத்து ஈற்றில் அந்த அவசரம் வேண்டாம், ஆறு வாரம் குடிக்கட்டும்.