மலையில் என்கொயரிக்குப் பஞ்சமில்லை, போனை எடுக்கத்தான் ஆளில்லை

கேள்வி: நான் கோத்தகிரிக்காரன். பெங்களூரில் சில வருடம் சாப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரில் இருந்தபடியே புராஜெக்ட் செய்கிறேன். குன்னூரில் என் தாய்மாமா சோலார் ஹீட்டர், கீசர், இன்வெர்ட்டர் சர்வீஸ் நடத்துகிறார், நான்கு டெக்னீசியன்கள் இருக்கிறார்கள். கூகுள் மேப்ஸிலிருந்து நீலகிரியில் உள்ள ஹோம்ஸ்டே, காட்டேஜ், பங்களா நம்பர்களை எல்லாம் எடுத்து, ஏஐ குரலே போன் போட்டுப் பேசி ஆர்டர் பிடித்துத் தரும் ஒரு சாப்ட்வேர் செய்யலாம் என்று யோசனை. மாமாவிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்ற சர்வீஸ்காரர்களுக்கும் மாதச் சந்தாவில் விற்கலாமா? எங்கிருந்து தொடங்குவது? கம்பெனி, ஜிஎஸ்டி எல்லாம் இப்போதே வேண்டுமா?

பதில்: விற்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் வரிசை தலைகீழாக இருக்கிறது. தெரியாத ஆளைத் தேடிப் பிடிக்கும் மென்பொருளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் வைக்காமலே விட்டுவிடுங்கள். மாமாவைத் தேடி ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் போனைத் தவற விடாத மென்பொருளை முதலில் செய்யுங்கள்.

தானாகப் போன் போடும் ஏஐ ஏன் வேண்டாம் என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். வணிக அழைப்புகளுக்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2018-ல் கொண்டுவந்த ஒழுங்குமுறை இருக்கிறது. விளம்பர அழைப்பு என்றால் பதிவு செய்துகொண்டு, 140-ல் தொடங்கும் எண்ணிலிருந்து, தொந்தரவு வேண்டாம் என்று பதிந்தவர்களை விட்டுவிட்டுத்தான் போட வேண்டும். சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து போட்டு, புகார்கள் சேர்ந்தால் இணைப்பை முடக்குவார்கள், தொடர்ந்தால் துண்டிப்பார்கள். பதிவில்லாமல் இப்படிப் போடுபவர்களின் எல்லா இணைப்புகளையும் துண்டித்து 2 வருடம் வரை கறுப்புப் பட்டியலில் வைக்கச் சொல்லி 2024 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு ட்ராய் உத்தரவே போட்டிருக்கிறது. குன்னூரில் பாதிப் பேர் போனில் சேமித்து வைத்திருக்கும் மாமாவின் எண் போய்விட்டால் அந்த நஷ்டத்தை எந்த சாப்ட்வேரும் ஈடுகட்டாது. கூகுள் மேப்ஸ் விஷயமும் அதேதான், நம்பர்களைச் சுரண்டி எடுத்து உங்கள் டேட்டாபேஸில் சேர்த்து வைப்பதை அவர்களுடைய விதிமுறை அனுமதிக்கவில்லை. இதெல்லாம் போக, அந்தப் பட்டியலில் இருப்பது ரூம் புக்கிங்குக்கான நம்பர், அதற்கு நாள் முழுக்க இந்த மாதிரி அழைப்பு வந்துகொண்டேதான் இருக்கும், எடுக்கிறவருக்கு உங்கள் ஏஐ இன்னொரு தலைவலி, அவ்வளவுதான்.

சரி, பணம் எங்கே போகிறது? மாமாவின் போனை வாங்கி, போன சீசன் மாதம் ஒன்றின் அழைப்புப் பட்டியலை (கால் லாக்) உட்கார்ந்து பாருங்கள். பெயர் சேமிக்கப்படாத எண், மிஸ்டு கால், திரும்பக் கூப்பிடவில்லை, இந்த மூன்றும் ஒரே வரியில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். மலையில் இது இயல்பு. மாமா பர்லியார் வளைவில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், டெக்னீசியன் பையன் கூரை மேல் ஈரக் கையோடு நிற்பான், எஸ்டேட்டுக்குள் போனால் டவரே இருக்காது. கூப்பிட்டவர் இரண்டு ரிங் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போட்டுவிடுவார், காட்டேஜில் விருந்தாளி குளிர்ந்த தண்ணீரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும்போது யார் காத்திருப்பார்கள். 2011-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூவில் அமெரிக்க நிறுவனங்களை வைத்து ஒரு கணக்கு வந்தது. விசாரணை வந்த ஒரு மணி நேரத்துக்குள் திரும்பத் தொடர்புகொண்டவர்களுக்கு, இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்தவர்களைவிட, முடிவெடுக்கும் ஆளிடம் உருப்படியாகப் பேசும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு. அதே கட்டுரையில், தனியாகச் சோதித்துப் பார்த்த 2,241 நிறுவனங்களில் 23 சதவீதம் பதிலே சொல்லவில்லை. அது இணையத்தில் வந்த விசாரணைகளைப் பற்றியது, நம் ஊர் கீசரைப் பற்றியது இல்லை, ஆனாலும் திசை ஒன்றுதான்.

ஆகவே முதல் கட்டம் இது. மாமாவின் எண்ணில், எடுக்காவிட்டாலோ பிஸியாக இருந்தாலோ தொடர்பில்லாமல் போனாலோ அழைப்பு ஒரு கிளவுட் டெலிபோனி எண்ணுக்கு (அழைப்பைத் தானாக எடுத்துப் பதிவு செய்யும் இணையச் சேவை) போகும்படி போடுங்கள், எல்லா நெட்வொர்க்கிலும் உள்ள கால் பார்வேர்டிங்தான். அங்கே மாமாவின் குரலிலேயே பதிவு செய்த இரண்டு வரி ஓடட்டும்: "வேலையில் இருக்கிறேன். என்ன கோளாறு, எந்த ஊர் என்று சொல்லுங்கள், இது பதிவாகும். வாட்ஸ்அப்பில் பதில் வேண்டுமென்றால் 1 அழுத்துங்கள்." அந்த 1-ஐ விட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப் பிசினஸில் வாடிக்கையாளர் முதலில் எழுதினால்தான் 24 மணி நேரத்துக்குச் சாதாரணமாகப் பதில் போட முடியும், நீங்கள் முதலில் எழுதுவதென்றால் அவர் சம்மதமும், முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட்டும் வேண்டும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைத்தான் கேட்கிறது. ஒரு பட்டனில் இரண்டுக்கும் கையில் ஆதாரம் கிடைத்துவிடுகிறது.

பதிவான குரலை எழுத்தாக மாற்றி, சாட்ஜிபிடி மாதிரியான ஒரு மொழி மாடலிடம் கொடுத்து, என்ன பொருள், என்ன கோளாறு, எந்த இடம், எவ்வளவு அவசரம், பேசியது யார் என்ற ஐந்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அது ஒரு சிறிய சீட்டாக மாமாவின் போனில் விழ வேண்டும், அவர் பார்த்து ஒரு தட்டில் திரும்பக் கூப்பிட வேண்டும். இவ்வளவுதான் முதல் பதிப்பு. எழுத்து வேலைக்கான மாடல் செலவு ஒரு அழைப்புக்கு ஒரு ரூபாய்க்குள் அடங்கும், நேரடியாகப் பேசும் ஏஐ குரல் என்றால் நிமிடக் கணக்கில் ஏறும், இப்போதைக்குத் தேவையும் இல்லை.

நீங்கள் மாட்டிக்கொள்ளப் போகும் இடம் ஊர்ப் பெயர்கள். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மாதிரியான மாடல் தமிழ் கேட்கும், ஐஐடி மெட்ராஸில் இருக்கும் ஏஐ4பாரத்தின் மாடல்களும் இருக்கின்றன, ஆனால் தும்மனட்டி, எடப்பள்ளி, ஜெகதளா, கட்டபெட்டு, உல்லத்தி, அதிகரட்டி என்று வேகமாகச் சொன்னால் எதையாவது எழுதி வைக்கும். அதனால் மாடலை நம்பி விடாமல், நீலகிரியின் ஹட்டிகள் (படுகர் ஊர்கள்), எஸ்டேட்கள், பஸ் ஸ்டாப்புகள் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாகச் செய்து, எழுத்தான வார்த்தைக்கு ஒலியில் நெருங்கிய பெயரை அதிலிருந்து பொருத்துங்கள், இரண்டு பெயர் சமமாக வந்தால் இரண்டையும் சீட்டில் காட்டிவிடுங்கள். இந்தப் பட்டியலைப் பெங்களூரில் உட்கார்ந்திருப்பவர் செய்ய முடியாது, உங்களால் முடியும். படுகர்களின் மொழியான படுகு பேசுபவர்களின் அழைப்புக்கு வேறு வழி வேண்டும், விஸ்பரின் மொழிப் பட்டியலில் படுகு கிடையாது. அதைத் தமிழாக நினைத்துக்கொண்டு அது தப்பும் தவறுமாக எழுதும், அந்த மாதிரி நம்பிக்கை குறைந்த அழைப்புகளைச் சுருக்காமல் ஆடியோவாகவே மாமாவுக்கு அனுப்புங்கள்.

தூரக் கணக்கும் இப்படித்தான். மேப்பில் நேர்க்கோடு போட்டு "பக்கத்து டெக்னீசியன்" என்று ஒதுக்கும் புரோகிராமை இங்கே எழுதாதீர்கள். குன்னூர் டால்பின் நோஸில் நின்றால் எதிரே கேத்தரின் அருவி கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அது கோத்தகிரிப் பக்கம், போக வேண்டுமென்றால் குன்னூருக்குத் திரும்பி வந்து சுற்றித்தான் போக வேண்டும். சாலை வழியாக நிமிடக் கணக்கு எடுங்கள், அதோடு "குன்னூர் ரோடு மூடல்" என்று மாமா ஒரு தட்டில் சொல்லும் வசதியும் வையுங்கள், மண்சரிந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து வர வேண்டிய ஸ்பேர் கோத்தகிரி வழியாகத்தான் வரும், அன்றைய கணக்கே மாறிவிடும். டெக்னீசியன் ஆப் நெட் இல்லாமலே வேலை செய்ய வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஐந்தாவது விஷயம், பேசியது யார் என்பது, விற்பனையின் உயிரே அதில்தான். இங்கே பங்களாவும் காட்டேஜும் வைத்திருப்பவர்களில் நிறைய பேர் கோவையிலோ சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். கூப்பிடுவது வாட்ச்மேன், காசு கொடுப்பது ஓனர். வெளிநாட்டு மென்பொருளில் ஒரு வேலைக்கு ஒரு வாடிக்கையாளர் என்றுதான் பெரும்பாலும் நினைத்துக் கட்டியிருப்பார்கள், நீங்கள் ஒரு வீட்டுக்கு இரண்டு ஆட்களை வையுங்கள்: கதவு திறப்பவர், ஒப்புதல் தருபவர். டெக்னீசியன் வெடித்த குழாயைப் படம் எடுத்ததும், மாடல் அதிலிருந்து இரண்டு வரி விளக்கம் எழுதி, மாமா தொகையைப் போட்டு, ஓனருக்கு வாட்ஸ்அப்பில் போக வேண்டும். பையன் கூரையிலிருந்து இறங்குவதற்குள் "செய்யுங்கள்" என்று பதில் வந்துவிட்டால் இரண்டாவது முறை அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மலையில் ஒரு விசிட் மிச்சம் என்றால் பாதி நாள் மிச்சம்.

விலையையும் நேரத்தையும் மட்டும் ஏஐ சொல்லவே கூடாது. கனடாவில் ஏர் கனடாவின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்னதற்கு, அந்த நிறுவனம்தான் பொறுப்பு என்று 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது, சாட்பாட் தனி ஆள் என்ற வாதம் எடுபடவில்லை. "விசிட் சார்ஜ் 300, மதியத்துக்குள் வருவோம்" என்று உங்கள் பாட் சொல்லி, அன்று மூடுபனியில் வண்டி நகராமல் போனால் திட்டு வாங்குவது மாமா.

இப்போது நீங்கள் கேட்ட "புது ஆர்டர்" விஷயம். அது மாமாவின் பழைய டைரிகளில் இருக்கிறது. யாருக்கு எந்த வருடம் என்ன மாட்டினார், எந்த வகை பேனல், கடைசி சர்வீஸ் எப்போது, இதையெல்லாம் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து மாடலை விட்டுப் படிக்கச் சொல்லி, தப்பைக் கையால் திருத்தி ஒரு பட்டியலாக்குங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதற்குப் பிறகுதான் உங்கள் மென்பொருளுக்கு யாரிடமும் இல்லாத ஒன்று கிடைக்கும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும்போது பிளாட் பிளேட் (தட்டைத் தகடு) சோலார் பேனலில் ராத்திரி தண்ணீர் உறைந்தால் செம்புக் குழாய் விரிந்து வெடிக்கும், கண்ணாடிக் குழாய் வகையில் அந்தத் தொல்லை குறைவு. ஆக நவம்பர் கடைசியில் யாருக்கு எழுத வேண்டும்? தலைகுந்தா மாதிரிப் பள்ளமான இடங்களில் பிளாட் பிளேட் வைத்திருக்கும் பழைய வாடிக்கையாளருக்கு மட்டும். ஏப்ரல், மே சீசனுக்கு முன் மார்ச்சில் காட்டேஜ்காரர்களுக்குக் கீசர் சர்வீஸ். இன்வெர்ட்டருக்கு மழைக்கு முன்பு, அதிலும் மாவட்டம் முழுவதற்கும் ஒரே தேதி வைத்துவிடாதீர்கள்: கூடலூர், பந்தலூருக்குத் தென்மேற்குப் பருவமழைதான் பெரிய மழை, குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு. இந்தச் செய்திகளுக்கும் சம்மதம் வேண்டும், அதனால் அடுத்த சர்வீஸுக்குப் போகும்போது டெக்னீசியனே "நினைவூட்டல் அனுப்பலாமா" என்று கேட்டு ஆப்பில் பதிந்துவிடட்டும். இங்கே ஏஐக்கு வேலை குறைவு, சாதாரண விதிகளே போதும், ஏஐ இல்லாத இடத்தில் ஏஐ என்று போட்டு விற்காதீர்கள்.

விற்பதைப் பற்றி. சர்வீஸ் கடைகளுக்கு மென்பொருள் விற்கும் இந்தத் தொழிலில் உலகத்தில் பெரிய பெயர் அமெரிக்காவின் சர்வீஸ்டைட்டன். அதைத் தொடங்கிய இருவரின் அப்பாக்களும் வீட்டு வேலை எடுத்துச் செய்த கான்ட்ராக்டர்கள், அவர்களுக்காகச் செய்ததுதான் 2024 டிசம்பரில் பங்குச் சந்தை வரை போனது. உங்களுக்கு மாமா இருக்கிறார், அந்த அளவில் தொடக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2011 கணக்கெடுப்பில் நீலகிரியின் மொத்த மக்கள்தொகையே 7.35 லட்சம், சர்வீஸ் கடைகள் விரல் விட்டு எண்ணும் அளவு இல்லாவிட்டாலும் சந்தா வைத்து நீங்கள் பிழைக்கும் அளவுக்கு இல்லை. மாமாவிடம் ஒரு மழையும் ஒரு சீசனும் ஓடட்டும். அடுத்தது கொடைக்கானல், அங்கேயும் வெளியூர் ஓனர், சீசன், சரிவு, எல்லாம் இதே மாதிரி, ஊர்ப் பெயர்ப் பட்டியல் மட்டும் புதிது. கோவைக்கு இறங்குவது வேறு கதை, அங்கே போனை எடுக்கப் பெண் ஊழியர் வைத்திருக்கும் கடைகளோடு போட்டி.

கட்டணத்தை மாதத்துக்கு இவ்வளவு என்று வையுங்கள். லீடுக்கு, அதாவது வரும் ஒவ்வொரு விசாரணைக்கும், இவ்வளவு என்று வைத்தால், "இவர் என் பழைய கஸ்டமர், உங்களால் வந்தவர் இல்லை" என்ற சண்டை முதல் மாதமே வரும், அதைத் தீர்க்க எந்த டேஷ்போர்டாலும் முடியாது. ஒரே ஊரில் இரண்டு கடைக்குக் கொடுத்தால் ஒருவர் டேட்டா இன்னொருவர் கண்ணில் படாது என்பதை எழுதியே கொடுங்கள். மாமாவின் டேட்டாவும் அப்படித்தான், சொந்தம் என்பதற்காக டெமோவில் காட்டாதீர்கள்.

கம்பெனி இப்போது வேண்டாம், தனி உரிமையாளராகவே தொடங்கலாம். சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் கட்டாயம், வேறு மாநில வாடிக்கையாளருக்குச் செய்தாலும் அதே வரம்புதான். அந்த 20 லட்சத்தில் உங்கள் மற்ற புராஜெக்ட் வருமானமும் சேரும், எனவே ஏற்கெனவே தாண்டியிருக்கிறீர்களா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.