படகுக்கு எந்தக் கேம்ஷாஃப்ட்? பட்டறையிலிருந்து சில பதில்கள்

வளைகுடாவில் பந்தயப் படகு எஞ்சின்களோடு பல ஆண்டுகள் கிடந்துவிட்டு, இப்போது களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். எஞ்சின் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் மேடுகள் (லோப்) கொண்ட சுழல்தண்டுதான் கேம்ஷாஃப்ட். அதைப் பற்றிச் சேர்ந்துவிட்ட கேள்விகளை ஒரே மூச்சில் முடித்துவிடப் பார்க்கிறேன்.

ஆசானே, பூவாறில் எனக்கு 24 அடி வேகப்படகு இருக்கிறது. 7.4 லிட்டர் பெட்ரோல் வி8 எஞ்சின். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இரண்டு பொருத்தப் போகிறேன். பந்தயக் காரில் போடுவது போன்ற பெரிய கேம்ஷாஃப்ட் போடலாமா? ஐடிலில், அதாவது எஞ்சின் சும்மா மெல்ல ஓடும்போது, அந்தத் தடதடப்பு வேண்டும்.

சத்தம்தான் வேண்டுமென்றால் சிங்காரி மேளத்துக்குச் சொல்லிவிடலாம் தம்பி, செலவும் குறைவு.

பெரிய கேம்ஷாஃப்ட் வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும். அந்தத் தடதடப்பு ஓவர்லாப்பிலிருந்து வருகிறது. புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிவதற்குள் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்தான் ஓவர்லாப். டர்போ இல்லாத எஞ்சினில், வேகமாக வெளியேறும் புகை புதுக் காற்றைக் கூடவே இழுத்து வரும் என்பதால் அது பயன்படும். டர்போ போட்டால் புகையின் வழியில் அதைச் சுழற்றும் டர்பைன் சக்கரம் குறுக்கே நிற்கிறது. புகை சேரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் அழுத்தம் பல நேரம், டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தையும் (பூஸ்ட்) மிஞ்சிவிடும். அப்போது இரண்டு வால்வும் திறந்திருந்தால் எரிந்த புகை சிலிண்டருக்குள்ளேயே திரும்புகிறது. காசு கொடுத்துக் கரியை வாங்கிய கதைதான்.

படகில் இன்னொரு வம்பும் உண்டு. எக்ஸாஸ்டைக் குளிர்விக்கக் கடல் நீரை அதன் குழாயிலேயே கலந்து வெளியே விடுகிறோம். ஓவர்லாப் கூடினால் ஐடிலில் புகை முன்னும் பின்னும் ஊசலாடி அந்த நீரையும் உள்ளே இழுத்து வரும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டறை தொடங்கிய புதிதில், டர்போ இல்லாத ஒரு வி8க்கு ஆசைப்பட்டு நானே பெரிய கேம்ஷாஃப்ட் போட்டுக் கொடுத்தேன். படகு துறையில் அரை மணி நேரம் ஐடிலில் நின்றது. மறுநாள் ஸ்டார்ட்டர் 'டக்' என்று ஒரே அடி அடித்து நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றினால் பழுப்பு நீர் வழிந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. ஹெட்டை இறக்கியபோது எக்ஸாஸ்ட் வால்வு இருக்கையில் செம்மண் பூசியதுபோல் துரு. உள்ளே நின்ற நீரை அமுக்க முடியாமல் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையாதது என் அதிர்ஷ்டம். செலவு முழுவதும் என் கையிலிருந்துதான் போனது.

உங்கள் எஞ்சினில் டர்பைனுக்குப் பிறகுதான் நீர் சேரும். அந்த ஊசலாட்டம் கொஞ்சம் அடங்கும். அதை நம்பி ஆட வேண்டாம். உச்ச வேகம் 5,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்றால், டியூரேஷனை, அதாவது வால்வு திறந்திருக்கும் அளவை, 0.050 அங்குலத் தூக்கலில் அளந்து 220 முதல் 230 டிகிரிக்குள் வைத்துத் தொடங்குவேன். லோப் இடைக்கோணம் 114. சிலிண்டரை நிரப்பும் வேலையை டர்போ பார்த்துக்கொள்ளும்.

பாறசாலையிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்: லோப் இடைக்கோணம் என்றால் என்ன? கூடினால் என்ன ஆகும்?

இன்டேக் லோப்பின் உச்சிக்கும் எக்ஸாஸ்ட் லோப்பின் உச்சிக்கும் இடையே உள்ள கோணம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். இந்தக் கோணத்தைக் கேம்ஷாஃப்ட் டிகிரியில் சொல்கிறோம், டியூரேஷனைக் கிராங்க் டிகிரியில். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. டியூரேஷன் மாறாமல் கோணம் மட்டும் கூடினால் ஓவர்லாப் குறையும், ஐடில் அமைதியாகும். 106 என்பது இழுவைப் பந்தயக்காரருக்கு. டர்போ படகுக்கு 112க்குக் கீழே நான் இறங்குவதில்லை.

பழைய வால்வு ஸ்பிரிங்கையே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. இன்டேக் வால்வின் முதுகில் பூஸ்ட் காற்று அழுத்திக்கொண்டிருக்கும். 50 மில்லிமீட்டர் வால்வு என்றால் பரப்பு ஏறக்குறைய 19.6 சதுர சென்டிமீட்டர். 1 பார் பூஸ்டில் கிட்டத்தட்ட 20 கிலோ எடை வால்வைத் திறக்கப் பார்க்கிறது. ஸ்பிரிங் அதையும் தாங்க வேண்டும். இல்லையென்றால் வால்வு இருக்கையில் நிற்காமல் துள்ளும்.

தூத்தூர்க்காரர் ஒருவர்: ஆழ்கடல் விசைப்படகில் ஆறு சிலிண்டர் டர்போ டீசல் எஞ்சின். கேம்ஷாஃப்ட் மாற்றினால் வேகம் கூடுமா அண்ணா?

கூடாது அண்ணாச்சி. உங்கள் படகு தண்ணீரைக் கிழித்துப் போகிற படகு, மேலே எழும்பிச் சறுக்குகிற படகு அல்ல. அப்படிப்பட்ட படகின் வேகத்துக்கு நீளமே கடிவாளம். நீர்க்கோட்டு நீளம் 64 அடி என்றால் வர்க்கமூலம் 8, அதை 1.34ஆல் பெருக்கினால் 10.7 நாட். அதற்கு மேல் தள்ளப் பார்த்தால் படகு தான் எழுப்பிய அலை மீதே ஏற முயன்று டீசலைக் குடிக்கும். அதோடு டீசல் எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது வால்வுக்கும் அதற்கும் இடைவெளி மிகக் குறைவு. சில எஞ்சின்களில் இன்ஜெக்டரை இயக்குவதும் அதே கேம்ஷாஃப்ட்தான். கை வைக்காதீர்கள். ஆனால் எஞ்சின் முழு வேகத்தில் அதன் உச்ச ஆர்பிஎம்மைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடவில்லை என்றால் புரொப்பெல்லரின் பிட்ச் (இறக்கையின் சாய்வு) அதிகம், அல்லது அடியில் பாசியும் சிப்பியும் ஏறியிருக்கிறது.

வள்ளத்தில் மண்ணெண்ணெய் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு. அதற்குக் கேம்ஷாஃப்ட் எங்கே கிடைக்கும்?

எங்கும் கிடைக்காது மகனே, அதில் கேம்ஷாஃப்டே கிடையாது. சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது. யாராவது விற்க வந்தால் என்னிடம் அனுப்பு, ஆளைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

மறுபடியும் பூவாறு: புதுக் கேம்ஷாஃப்ட் போட்டபின் முதல் ஓட்டத்தைப் பட்டறையிலேயே செய்யலாமா?

லோப்பின் மேல் உரசி நகரும் தட்டை டேப்பட் என்றால் பட்டறையில்தான் செய்ய வேண்டும். லோப்பில் அசெம்பிளி பேஸ்ட் தடவி, துத்தநாகம் சேர்ந்த எண்ணெய் ஊற்றி, ஸ்டார்ட் ஆனதும் 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் 20, 30 நிமிடம் ஓட்டுங்கள். ஐடிலில் விட்டால் லோப் அப்போதே தேயத் தொடங்கும். உருளை வைத்த ரோலர் டேப்பட்டுக்கு இந்தச் சடங்கு வேண்டாம்.

அதற்கு முன் கடல்நீர் பம்ப்பின் குழாயை நீர் நிரம்பிய பீப்பாயில் போடுங்கள். பம்ப்புக்குள் இருப்பது ரப்பர் இம்பெல்லர். உலர்ந்து சுற்றினால் சில நிமிடங்களில் கருகிவிடும். ஒரு பீப்பாய் அரை மணி நேரத்துக்குக் காணாது. குடம் தூக்க இரண்டு பேரை நிறுத்தாதீர்கள், ஹோஸைத் திறந்தே விடுங்கள்.