அவருக்கு ஆடிட், உங்களுக்கு ஊர்: நெல்லைக்குக் கூடவே போகலாமா?

கேள்வி: என் கணவர் சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஜனவரி கடைசி வாரம், திங்கள் முதல் வியாழன் வரை, கிளை ஆடிட்டுக்காகத் திருநெல்வேலி போகிறார். ரூமும் ரயில் டிக்கெட்டும் கம்பெனி செலவு. நான் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. கூடவே போக ஆசை. அவருடன் வரவேண்டிய சக ஊழியர் வரவில்லை, அந்த டிக்கெட்டில் நான் போகலாமா? ரூமில் நான் தங்கினால் அவருக்கு ஆபீஸில் பிரச்சினை வருமா? பகலில் தனியாகச் சுற்ற ஒரு டிராவல்ஸ்காரரிடம் பேசினேன். நவதிருப்பதி, மாஞ்சோலை, குற்றாலம் மூன்றும் ஒரே நாளில், மாஞ்சோலை பாஸும் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய், பாதி முன்பணம் என்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில் சொல்பவர்: நெல்லை ஜங்ஷன் ஹோட்டல்களில் ரிசப்ஷனிலும் டிராவல் டெஸ்கிலும் 28 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன், முதலில் டிக்கெட்டைப் பார்ப்போம்.

வராத ஊழியரின் டிக்கெட்டில் நீங்கள் போக முடியாது. "யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். கேட்டால், டிக்கெட்டே இல்லாமல் ஏறியவர் கணக்கில்தான் நீங்கள் வருவீர்கள்: கட்டணமும் கட்ட வேண்டும், அபராதமும் கட்ட வேண்டும். பெயர் மாற்றிக்கொள்ள ரயில்வேயில் ஒரு வழி இருக்கிறது. அதைப் பாதி தெரிந்து வைத்துக்கொண்டு பலர் ஏமாறுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உறுதியான டிக்கெட்டை அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், மகன், மகள், கணவன், மனைவி என்று சொந்தக் குடும்பத்துக்குள் ஒருவர் பெயருக்கு மாற்றலாம். வண்டி கிளம்ப 24 மணி நேரம் இருக்கும்போதே மனு கொடுக்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு முறைதான். ஆக, அந்த ஊழியரின் டிக்கெட்டில் அவருடைய மனைவி வரலாம், அவருடைய மாமியார் வர முடியாது, நீங்களும் வர முடியாது. அரசு ஊழியர் அலுவலாகப் போகும்போது, அவர் பதிலாக அதே வேலைக்குப் போகும் இன்னோர் அரசு ஊழியருக்கு மாற்றலாம், அதற்கும் 24 மணி நேரம். மாணவர் குழு, கல்யாணக் கோஷ்டி என்றால் 48 மணி நேரம். உங்களுடையது இதில் எதுவும் இல்லை. டிக்கெட் எடுத்தது செல்போனில், பெயர் மாற்ற மட்டும் பிரிண்ட் எடுத்து, அடையாள அட்டை நகலும் உறவுக்கான ஆதாரமும் சேர்த்துக்கொண்டு கவுன்டரில் போய் நிற்க வேண்டும். பணத்தை விரல்நுனியில் வாங்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு பெயரை விரல்நுனியில் மாற்றத் தெரியவில்லை. சரி, விடுங்கள்.

தனி டிக்கெட் எடுங்கள். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸ் சீக்கிரம் தீரும் வண்டி, ஆகவே தள்ளிப் போடாதீர்கள். அவருடைய டிக்கெட்டில் உங்கள் பெயரைச் சேர்க்க முடியாது, ஆனால் ஒரே ரயிலில் ஏறிவிட்டால் பெட்டிக்குள் யாரிடமாவது கேட்டு இடம் மாற்றிக்கொள்ளலாம். தட்காலுக்குப் போனால் ஏஜென்டை நம்பாதீர்கள். 2025 ஜூலையிலிருந்து, தட்கால் திறந்த முதல் அரை மணி நேரம் ஏஜென்ட் டிக்கெட் போடவே முடியாது. ஏசிக்குக் காலை 10 முதல் 10.30, ஏசி இல்லாததற்கு 11 முதல் 11.30. இருக்கிற சீட் அதற்குள்ளேயே தீர்ந்துவிடும். "பத்து மணிக்கே கன்ஃபர்ம் பண்ணித் தருகிறேன்" என்பவர் எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். ஆதார் இணைத்த உங்கள் கணக்கில் நீங்களே போடுங்கள்.

ரூம் விஷயம் சின்னதுதான். அவர் தன் மேலதிகாரிக்கு ஒரு வரி எழுதிச் சொல்லிவிடட்டும், மறைத்தால்தான் பிரச்சினை. ஹோட்டலில் இறங்கியதும் உங்கள் அடையாள அட்டையையும் கொடுத்து ரிஜிஸ்டரில் பெயர் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது ஆளுக்கு அதிகம் ஆகும் தொகை, உங்கள் சாப்பாடு, துணி சலவை எல்லாவற்றுக்கும் உங்கள் பெயரில் தனி பில் போடச் சொல்லுங்கள். இதை முதல் நாள் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். கிளம்பும்போது சொன்னால், ஜிஎஸ்டி நம்பரோடு கம்பெனி பெயரில் அடித்த பில்லைப் பிரிப்பதற்குள் ரயில் போய்விடும்.

பெயர் எழுதுவது சும்மா சடங்கு என்று நினைக்காதீர்கள். பல வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், வெயிலில் அலைந்துவிட்டு வந்த ஒரு அம்மா ரிசப்ஷனில் சாவி கேட்டார். ரிஜிஸ்டரில் கணவர் பெயர் மட்டும்தான் இருந்தது. சாவி கொடுக்கவில்லை. செல்போன் இல்லாத காலம், கணவர் இருந்த இடமும் தெரியாது. ஏழு மணி வரை லாபி சோபாவில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாவி தர மறுத்தவன் நான்தான். செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், ஆனால் ஒரு காபி கொடுத்திருக்கலாம்.

இனி அந்த ஒன்பதாயிரம்.

நவதிருப்பதி என்னும் ஒன்பது பெருமாள் கோயில்கள் ஊருக்குக் கிழக்கே, ஸ்ரீவைகுண்டத்தைச் சுற்றி. மாஞ்சோலை மேற்கே, மணிமுத்தாறுக்கு மேலே மலையில். குற்றாலம் வடமேற்கே தென்காசிக்கு அப்பால், இப்போது அது வேறு மாவட்டம். ஒன்பது கோயிலையும் உச்சிக்கால நடை சாத்துவதற்குள் பார்ப்பதே ஓட்டம். அதை முடித்துவிட்டுத் திரும்பவும் திருநெல்வேலியைத் தாண்டி மலையடிவாரத்துக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிடும், அதற்கு மேல்தான் மலைப்பாதை. இதில் குற்றாலத்துக்கு எப்போது போவது? போனாலும் ஜனவரி கடைசியில் அங்கே என்ன இருக்கிறது? சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. வடகிழக்கு மழையில் வரும் தண்ணீரும் வடிந்தபின், அருவி இருக்கும் இடத்தில் பாறைதான் அதிகம் தெரியும்.

மாஞ்சோலை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. போக வேண்டுமானால் வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதி திறப்பதும் மூடுவதும் மழை, மண்சரிவு, புலிகள் கணக்கெடுப்பு என்று காலத்துக்குக் காலம் மாறும். அதை ஒரு டிராவல்ஸ்காரர் மாதக்கணக்கில் முன்னாலேயே கையில் வைத்துக்கொண்டு விற்க முடியாது. "பாஸ் என் பொறுப்பு" என்பவருக்கு என்ன பொறுப்பு தெரியுமா? மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தி, "இன்னிக்கு மூடிட்டாங்க மேடம்" என்று வருத்தமாக முகத்தை வைத்துக்கொள்வது. முன்பணம் திரும்பி வராது. அதற்குப் பதிலாக கோரைப்பாய் விற்கும் ஒரு கடைக்கும் ஒரு அல்வாக் கடைக்கும் கூட்டிப் போவார், அங்கே அவருக்குக் கமிஷன் உண்டு. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம். டிராவல் டெஸ்கில் இருந்தவன், நானும் வாங்கியிருக்கிறேன். நாலு நாள் பயணத்தில் மாஞ்சோலையை மறந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: வருகிற வண்டியின் நம்பர் பிளேட். வாடகை வண்டிக்கு மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து. வெள்ளை பிளேட் என்றால் சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. "நம்ம மச்சான் வண்டிதான் மேடம், புதுசு, ஏசி நல்லா இருக்கும்" என்பார்கள். அந்த வண்டியில் வாடகைக்குப் போய் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அதுவே போதும். ஆஸ்பத்திரி வாசலில் மச்சானைத் தேட முடியுமா? நம்பரை முன்னாலேயே வாங்கி, எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள், வண்டி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று தெரியும். வாடகை பேசும்போது "ஷெட் டு ஷெட்டா, நான் ஏறும் இடத்திலிருந்தா" என்று கேளுங்கள். ஷெட் டு ஷெட் என்றால், வண்டி அவர் வீட்டிலிருந்து கிளம்பும் கிலோமீட்டருக்கும் நீங்கள்தான் பணம் கொடுக்கிறீர்கள். டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் இதில் அடக்கமா என்பதையும் வாட்ஸப்பில் எழுத்தாக வாங்குங்கள். கம்பெனி உங்கள் கணவருக்குக் கொடுக்கும் வண்டியைத் தொடவே வேண்டாம். டிரைவரின் டிரிப் ஷீட் நேராக அக்கவுன்ட்ஸுக்குப் போகிறது.

அப்புறம் தனியாக எப்படிச் சுற்றுவது என்றால், பேருந்தில்தான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் காசு கிடையாது. சென்னைக்காரர் என்பதற்காக இங்கே காசு கேட்க மாட்டார்கள். கட்டணமில்லாச் சீட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் பேருந்துக்கு டிக்கெட் உண்டு.

முதல் நாள் ரயில் அலுப்பு தீரத் தூங்குங்கள். சாயங்காலம் டவுனுக்குப் போங்கள். நெல்லையப்பர் கோயிலில் நடை திறந்ததும் உள்ளே போனால் கூட்டம் குறைவு. தாமிர சபையைப் பார்க்காமல் வராதீர்கள், நடராசர் ஆடிய ஐந்து சபைகளில் ஒன்று. இசைத் தூண்களைத் தட்டிக் காட்டுகிறேன் என்று கை நீட்டுகிறவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம். வெளியே கீழரத வீதியில் இருட்டுக்கடை அல்வாக் கடை, சாயங்காலம்தான் திறக்கும். வரிசை நீளமாகத் தெரியும், ஆனால் வேகமாக நகரும். சூடாக ஒரு துண்டை அங்கேயே நின்று தின்றுவிட்டு, ஊருக்கு வாங்குவதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோக்காரர் "அதே அல்வாதான், நம்ம கடை" என்று வேறு எங்காவது திருப்பினால் இறங்கி நடங்கள்.

செவ்வாய்க்கிழமைக்குத் திருச்செந்தூர் சாலை ஒன்றே போதும். பாளையங்கோட்டையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில். நாயக்கர் காலச் சிற்பங்கள், ஆள் உயரத்துக்கு ஒரே கல்லில். இளவரசியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும் குறவன் முன்னால் கால் மணி நேரமாவது நில்லுங்கள். பிறகு கர்ணனின் கையைப் பாருங்கள், நகமும் புடைத்த நரம்பும் தெரியும். இதே சாலையில் மேலே போனால் ஆதிச்சநல்லூர், பழங்காலத்தில் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம். தாழிகள் கிடந்த குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டு, 2023இல் திறந்த அருங்காட்சியகம். காலுக்குக் கீழே தாழி கிடக்கும். தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ இங்கே தோண்டி எடுத்த பொருள்களைப் பார்க்க வேண்டுமானால் உங்கள் எழும்பூர் மியூசியத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கும் முன்னால் 1876இல் வந்த ஜெர்மன்காரர் ஜாகர் எடுத்தது பெர்லினுக்குப் போய்விட்டது. பேருந்தில் ஏறும் முன் "ஆதிச்சநல்லூரில் நிற்குமா" என்று கண்டக்டரிடம் கேட்டு ஏறுங்கள். நேரம் மிஞ்சினால் ஆழ்வார்திருநகரி, நம்மாழ்வாரின் புளியமரம். அதுவும் நவதிருப்பதியில் ஒன்றுதான், ஒன்பதில் ஒன்றை நிதானமாகப் பார்த்த கணக்கு.

புதன்கிழமை அம்பாசமுத்திரம் பேருந்தில் ஏறிப் பத்தமடையில் இறங்குங்கள். கோரைப்பாய் நெய்கிற ஊர், புவிசார் குறியீடு உள்ள பாய். ரோட்டோரக் கடையில் நிற்காமல் தெருவுக்குள் போய், "பாய் நெய்யிற வீடு எது" என்று கேளுங்கள், காட்டுவார்கள். தண்ணீரில் ஊறிய கோரையை நூல் மாதிரி கிழித்துத் தறியில் ஓட்டுவார்கள். உயர்ந்த ரகத்தைப் பட்டுப்பாய் என்பார்கள், துணி மாதிரி மடியும். கல்யாணத்துக்குப் பெண் மாப்பிள்ளை பெயரையே நெய்து தருவார்கள். இங்கும் ஒரு மோசடி உண்டு: பிளாஸ்டிக் பாயைப் "பத்தமடை" என்று விற்பது. நாலாக மடித்துப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். கோரைக்குப் புல் வாசனை வரும், ஓரத்தில் வெட்டிய முனை கரகரவென்று இருக்கும். பிளாஸ்டிக் வழவழக்கும், ஒரே மாதிரி மினுங்கும். விலையைப் பேரம் பேசி அடிக்காதீர்கள். நடுவில் நிற்பவர் எடுப்பது போக நெய்தவருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான், அதனால்தான் வீட்டுக்கே போய் வாங்கச் சொல்கிறேன்.

வியாழன் பாளையங்கோட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1826இல் கட்டிய ஊசிக்கோபுரம் தேவாலயம், அங்கிருந்து கொக்கிரகுளம், அப்படியே சுலோசன முதலியார் பாலம். சொந்தப் பணத்தில் அவர் 1843இல் கட்டிக் கொடுத்த பாலம் அது. பாலத்தில் நின்று தாமிரபரணியைப் பார்க்க யாருக்கும் பாஸ் வேண்டாம்.

அவர் வெள்ளிக்கிழமை லீவு போட்டால் மட்டும் கார் எடுங்கள், மஞ்சள் பிளேட் கார். விடியுமுன் கிளம்பி மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம் போங்கள். மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள், வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். ஊர்க்காரர்கள் அதற்காகப் பட்டாசு கூட வெடிப்பதில்லை. ஆனால் ஒன்று: கம்பெனிக்குத் தரும் சலுகை வாடகை வியாழனோடு முடிந்துவிடும். வெள்ளிக்கும் அதே வாடகை தருவார்களா என்று திங்களன்றே மேனேஜரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ரிசப்ஷன் பையன் "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னால், பார்த்துக்கொள்ள மாட்டான். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.