பிரிஸ்பேன் வெயிலும் முந்திரிக்கொத்தும்

அன்புள்ள அக்கா,

எங்களுக்கு நாகர்கோவில் பக்கம். எட்டு வருடம் மான்செஸ்டரில் இருந்துவிட்டு இப்போது பிரிஸ்பேனுக்கு வந்திருக்கிறோம். இங்கே டிசம்பர் என்றால் நடுக்கோடை. 25-ம் தேதி காலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடுகிறது. மதியம் ஏசியை விட்டு யாரும் நகர்வதில்லை. நட்சத்திரம் மாட்டினோம், இருட்டினால்தானே எரிவது தெரியும்? கேக் வாங்கினோம். அம்மா கூரியரில் அனுப்பிய முந்திரிக்கொத்தும் வந்தது. ஆனாலும் பிள்ளைகள் "இது கிறிஸ்துமஸ் மாதிரியே இல்லை" என்கிறார்கள். பெரியவனுக்குப் பதினொரு வயது, அவன் இரண்டு நாளும் ஐபேடோடு படுத்துக் கிடந்தான். டிக்கெட் விலையைப் பார்த்தால் ஊருக்கும் வர முடியவில்லை. இவர்களுக்குப் பண்டிகையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஒரு வாசகி, பிரிஸ்பேன்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். உன் கடிதம் வந்தபோது எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். முந்திரிக்கொத்து செய்யச் சிறுபயறு வாங்கி வைத்திருந்தேன். "இதையெல்லாம் போய்ச் செய்துகொண்டு, கடையில்தான் கிடைக்கிறதே" என்றார்கள். அந்தக் கோபமும் சேர்ந்து உன் மேல் விழப்போகிறது, பொறுத்துக்கொள்.

முதலில் வெயில். மான்செஸ்டரில் எத்தனை கிறிஸ்துமஸுக்குப் பனியைப் பார்த்தாய்? அந்த ஊரில் அன்றைக்குப் பனியைவிட மழைக்குத்தான் வாய்ப்பு அதிகம். பிள்ளைகள் ஞாபகத்தில் இருப்பது கடை ஜன்னலில் ஒட்டிய பனியாக இருக்கும். நாமும் சவுக்குக் கிளையில் பஞ்சைப் பிய்த்து ஒட்டி, வேர்க்க விறுவிறுக்கப் பாட்டுப் பாடியவர்கள்தான், பெரிதாகப் பேச வேண்டாம். இருட்டவில்லை என்ற குறையும் உனக்குச் செல்லாது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் வழக்கத்தை உங்கள் குவீன்ஸ்லாந்து மாநிலத்துக்காரர்கள் 1992-ல் வாக்கெடுப்பு நடத்தி வேண்டாம் என்றுவிட்டார்கள். ஏழு மணி வாக்கில் இருட்டிவிடும். கடிகாரத்தைத் தள்ளுகிற மெல்போர்னில் இருந்து யாராவது இந்தக் குறையைச் சொன்னால் ஒத்துக்கொள்வேன்.

எனக்கு உறுத்தியது வேறு. இவ்வளவு எழுதியிருக்கிறாயே, உன் வீட்டில் ஒருவர் கையிலாவது மாவு ஒட்டியதா? ஒருவராவது எண்ணெய்ச் சட்டிக்கு முன் நின்றாரா?

எங்கள் வீட்டில் பண்டிகை சிறுபயறு வறுக்கிற வாசனையோடுதான் ஆரம்பிக்கும். வெளியே மழை பிசுபிசுக்கும். வறுத்த பயறைத் திருகையில் உடைத்து, தோலைப் புடைத்து, பொடிக்க வேண்டும். தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுத்து, எள்ளும் ஏலமும் சுக்கும் சேர்த்துக் கருப்பட்டிப் பாகை ஊற்றுவார்கள். பாகு அத்தையின் பொறுப்பு. அவர் பாகு காய்ச்சும்போது யாரும் பேசக்கூடாது. சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும் என்பதால் சின்னது பெரிசு எல்லோரும் உட்கார வேண்டும். என் உருண்டை எப்போதும் பெரிதாகிவிடும், அத்தை புறங்கையில் ஒன்று போடுவார். அம்மா மூன்று மூன்றாக மாவில் முக்கி எண்ணெயில் விடுவாள். அப்பாவுக்கும் மாமாவுக்கும் தேங்காய் உடைக்கிற வேலை மட்டும்தான், அதற்கே இரண்டு காப்பி கேட்பார்கள். பொரித்ததைத் தகர டின்னில் அடைத்து மேலே வைத்துவிடுவார்கள். 25-ம் தேதி வரை தொட முடியாது. விடிவதற்கு முன் கோவிலுக்குப் போய்விட்டு வந்து அந்த டின்னைத் திறக்கும்போது வந்த சந்தோஷம், முந்தின பத்து நாளாக இடுப்பு ஒடிந்ததன் கூலி. கூரியர் பெட்டியைப் பிரிக்கிற பிள்ளைக்கு அது எங்கிருந்து வரும்?

உன்னைச் சுற்றி இருப்பவர்களைப் பார். இங்கிலாந்திலிருந்து அங்கே குடியேறியவர்கள் ரொம்ப காலம் அந்த வெயிலிலும் பிடிவாதமாக இறைச்சியைச் சுட்டு, புட்டிங்கை மணிக்கணக்கில் அவித்துத்தான் கொண்டாடினார்கள். இன்றைக்கும் சில வீடுகளில் அப்படித்தான். மற்றவர்கள் மெல்ல மெல்ல ஆறிய ஹாம், இறால், முட்டை வெள்ளைக்கருவில் செய்கிற பவ்லோவா இனிப்பு என்று மாறினார்கள். மாறினார்களே தவிர மெனக்கெடுவதை விடவில்லை. சிட்னி மீன் சந்தை 23-ம் தேதி அதிகாலையிலிருந்து 36 மணி நேரம் மூடாமல் நடக்கும். அரைத்தூக்கத்தில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இறாலுக்கு வந்து நிற்கிற அப்பனுக்குக் கிறிஸ்துமஸ் வந்தாயிற்று. வெயிலைப் பற்றி அவன் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று என்னவோ கேட்டிருந்தாய். சொல்லிக்கொடுக்காதே, வேலை கொடு. பதினொரு வயதுப் பையன் கையில் தேங்காய்த் துருவியைக் கொடு. அவன் முறைத்தால் முறைக்கட்டும், நாங்கள் முறைக்காததா? உன் வீட்டுக்காரர் இறால் உரிக்கட்டும். அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டுக்காவது தட்டில் வைத்து எடுத்துப் போ. அவர்கள் பதிலுக்கு ஒரு பெட்டி மாம்பழம் தரலாம், அங்கே இப்போது சீசன்தானே.

டிக்கெட் விஷயத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

அம்மாவிடம் அடுத்த வருடம் கூரியர் வேண்டாம் என்று சொல்லிவிடு. பாகு காய்ச்சும்போது வீடியோ காலில் இருக்கச் சொல். திட்டுவார், திட்டட்டும், பதம் அவருக்குத்தான் தெரியும். பிரிஸ்பேனில் ஈரக்காற்று அதிகம், அதனால் உருட்டியதை மறுநாளைக்கு வைக்காமல் அன்றைக்கே பொரித்துவிடு. மேல்மாவில் மஞ்சள்பொடி மறக்காதே. நீர்க்கவும் கரைத்துவிடாதே, எண்ணெயில் பிரிந்துபோகும்.